முடியில் எண்ணெய் கூடாது

வில்பட்டியில் காய்கறி விவசாயிகள் சங்கத்துக்கு இப்போது செயலாளராக இருக்கும் வித்யா, போன மழைக்கு முன்னால் எனக்குப் போன் செய்தாள். குரலில் அழுகை வராத குறை.

"அக்கா, உருளைக்குக் கருகல் எப்ப வரும்னு சொல்ற ஆப்பு ஒண்ணு போன்ல வச்சிருந்தோம்ல? இன்னைக்குத் தெறந்தா பூட்டுப் படம் காட்டுதுக்கா. சந்தா கட்டுனாத்தான் மேக்கொண்டு பேசுமாம். ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்கிது. நீங்க வேலையில இருந்தப்ப டிவியப் பாத்தே சொல்லுவீங்களாமே, நெசமா?"

"நெசந்தான்டி. அது பெரிய கதை" என்றேன்.

"எழுதிக் குடுங்கக்கா, சங்கத்துப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறேன்."

பேத்துப்பாறையில் எனக்கு என்ன பெரிய சோலி? நாலு வரிசை பீன்ஸ், ஏழெட்டுக் கோழி, ஒரு வாய் சோறு. நேரம் கொட்டிக் கிடக்கிறது. எழுதுகிறேன். நான் எழுதினால் கொஞ்சம் திட்டும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மகேஸ்வரி. அந்தப் பெயர் ரேஷன் கார்டைத் தாண்டியதில்லை. வில்பட்டியில் நான் 'டைப்புப் பிள்ளை', வயசான பிறகு 'டைப்பு அக்கா'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம் எங்களது. அப்பாவுக்குக் கொடைக்கானலில் ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை. நான் தட்டச்சு படித்தது, ஒரு தடவை தோற்றது, மறுபடி எழுதித் தேறியது எல்லாம் இந்த ஒரு வரிக்கு மேல் தகாது. எழுபதுகளின் கடைசியில் சங்கத்தில் வேலை கிடைத்தது. உருளை, பூண்டு, கேரட்டை லாரி ஏற்றிக் கீழே அனுப்புவதும் விதையும் மருந்தும் வாங்கி உறுப்பினர்களுக்குக் கொடுப்பதும்தான் சங்கத்து வேலை.

அப்போது செயலாளர் இன்னாசி சார். ஒல்லி, வழுக்கைத் தலை, அதன்மேல் கம்பளிக் குல்லா. மற்ற சார்கள் சட்டைப்பையில் பேனா குத்தியிருப்பார்கள், இவர் ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருப்பார். கோட்டு நைந்தால் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார். யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்களை மட்டும் சொல்லவில்லை, சைக்கிளையும் பம்புசெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "அவங்களுக்கு இன்னைக்கு மூச்சு வாங்குது, சித்த நேரம் ஆறட்டும்" என்று அவர் சொன்னால் மோட்டார் சூடாகிவிட்டது என்று அர்த்தம். புதிதாக வந்த நான் யாருக்கோ உடம்பு சரியில்லை போலும் என்று சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

சங்கத்துக்கு எதை வாங்கினாலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. விற்க வந்தவரிடம் விலை கேட்கமாட்டார். "இவங்களத் தெறந்து காட்டுங்க" என்பார். ஒருமுறை கீழேயிருந்து புது மோட்டார் கொண்டுவந்தவர், "சார், இது கம்பெனி சீல் வச்சது. தெறக்கவே வேணாம், ரிப்பேரே வராது" என்றார். சார் அவருக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எங்களிடம் சொன்னார்: "நம்மளுக்குக் கொறஞ்ச வரும்படி. கொறஞ்ச வரும்படிக்காரங்க வீட்டுக்குத் தெறக்க முடியாத பெட்டி ஆகாது. கெட்டுப்போனா தூக்கித்தான் போடணும், அதுக்கு நம்மகிட்ட வசதி இல்ல." சிக்கனம் என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுவது என்றுதான் எங்கள் அம்மா சொல்லித் தந்திருந்தாள். பிரித்துப் பார்ப்பதும் சிக்கனம்தான் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தந்த எலன் மிஸ் ஊருக்குத் திரும்பிப் போகிறபோது தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கும். அதற்கென்று திரை கிடையாது, டிவியில் சொருக வேண்டும். புரோகிராம் எல்லாம் பாட்டுக் கேசட்டில் இருக்கும். டேப் ரிக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் 'கீய்ய்ங்' என்று காதைக் கிழிக்கும், கொஞ்ச நேரத்தில் டிவியில் எழுத்து வரும். இடையில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து கீய்ய்ங். எங்கள் ஊரில் கரண்டு போகாத நாள் ஏது?

எலன் மிஸ் பெட்டியை மேசைமேல் வைத்ததும் சார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "நோ, நோ!" என்று மிஸ் பதறிப்போனார். சார் நிதானமாக மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கியிருக்காது. ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் மூடிவிட்டு, "இப்ப நம்ம வீட்டு ஆளு ஆயிட்டாங்க" என்றார். மிஸ் சிரித்துவிட்டார்.

மிஸ்ஸோட அண்ணன் சீமையிலிருந்து ஒரு கேசட்டும் வாங்கி அனுப்பியிருந்தார். கடையில் விற்கிற கேசட், அட்டையில் உருளைக்கிழங்குப் படம். கருகல் நோய் வரும் காலத்தை முன்கூட்டிச் சொல்கிற புரோகிராமாம். கருகல் என்றால் கீழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. மூடுபனியும் ஈரமும் விடாமல் நின்றால் உருளை இலையில் கறுப்புப் பொட்டு விழும். நாலைந்து நாளில் காடே வெந்துபோன மாதிரி சாய்ந்துவிடும், அழுகல் வாடை தெருவரைக்கும் வரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை முன்னாலேயே இலையில் அடித்துவைத்தால்தான் தப்பும், பொட்டு விழுந்தபிறகு அடித்து ஒரு புண்ணியமும் இல்லை. ரொம்ப முன்னால் அடித்தாலும் மழை கழுவிவிடும். அதனால் என்றைக்கு அடிப்பது என்பதுதான் எங்கள் மலையில் எல்லார் வீட்டிலும் பேச்சு.

ஐப்பசி பிறந்தது. சார் கேசட்டை ஓடவிட்டு, கேட்ட இடத்தில் தேதியைத் தட்டச் சொன்னார். தட்டினேன். திரையில் வந்ததைப் படித்து அர்த்தம் சொன்னார்: "பருவம் முடிந்தது. வயலில் இலை இல்லை. அடுத்த ஆண்டு சந்திப்போம்."

ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு முழுக்க உருளைச் செடி முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது! எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை இனிமேல்தான் தொடங்கும். அவர்கள் ஊரில் அந்த மாதத்தில் கிழங்கை வெட்டிக் கோணியில் கட்டிவிடுவார்கள் போலிருக்கிறது. உள்ளே எழுதியிருப்பதைக் காட்டு என்று கட்டளை கொடுத்துப் பார்த்தோம். திரை இருண்டு, பெட்டி செத்ததுபோல் கிடந்தது. விற்றவர்கள் பூட்டி வைத்திருந்தார்கள்.

"சரி, பொய் சொல்லுவோம்" என்றேன் நான். ஐப்பசிக்குப் பதிலாக ஜூன் மாதம் என்று தட்டினேன். இப்போது வேலை செய்தது. ஆனால் மூடுபனி விலகாமல் நின்ற வாரத்திலும் "ஆபத்து இல்லை, ஆபத்து இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் ஊர் ஜூனில் பகல் நீளம், இலை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டதோ, வேறு என்னவோ, யாருக்குத் தெரியும்? திறந்து பார்க்க முடிந்தால்தானே!

அதன் பேச்சைக் கேட்டுக் கையில் மருந்தை வைத்துக்கொண்டு காத்திருந்தவள் பவுனம்மா.

பவுனம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்பட்டியில் அவள் வீட்டின் பின்னறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். என்னைவிட ரெண்டு மூணு வயது பெரியவள். புருஷன் லாரி விபத்தில் போனபிறகு, அவர் எடுத்திருந்த குத்தகைக் காட்டை விடாமல் தனியாகப் பாடுபட்டாள். முழங்கால்வரை முடி, அதைச் சுற்றிக் கொண்டை போட்டால் தலையில் இன்னொரு தலை மாதிரி இருக்கும். வாய்க்கு வாய் சண்டை போடுவோம், ஒரே அடுப்பில் சமைத்துத் தின்போம்.

அந்த வருஷம் அவள் காடு கறுத்துப்போனது. சார் மழையில் நனைந்துகொண்டே போய் வரப்பில் நின்றார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எம்மேல கோவப்படுங்கம்மா" என்றார்.

"ஒங்க மேல கோவப்பட்டா செடி எந்திரிச்சிருமா சார்?" என்றாள் பவுனம்மா. அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கொட்டினாள். "சித்திரைப் போகத்து வெதக்கெழங்கு மச்சுல கொஞ்சம் கெடக்கு. அத வர்ற சித்திரைக்குப் போட்டுப் பெருக்கி, அடுத்த ஐப்பசிக்கும் போட்டுப் பாப்பேன். அதுவும் கருகுச்சுன்னா காட்டக் குடுத்துட்டு அய்யம்பாளையத்துக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். எங்க மதினி கையால சோறு வாங்கித் திங்கணும். ஆத்தி, அத நெனச்சாலே தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது." நானும் அழுதேன். அவள் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? "டிவி பாத்து வெவசாயம் பண்ணுற சங்கம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சார் அந்தக் கேசட்டைத் தூக்கி எறியவில்லை. மேலே பழைய ஆராதனைப் பாடல்களைப் பதிந்துகொண்டார், கேசட் வீணாகக் கூடாதே. ஆனால் கம்ப்யூட்டரை மூட்டைகட்டவும் இல்லை. "அவங்க மேல தப்பில்ல. பூட்டிக் குடுத்தவங்களுக்கு நம்ம ஊரு தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

வழி கிடைத்தது விதைப் பொட்டலத்தில். எலன் மிஸ் விட்டுப்போன ஒரு கட்டுப் பத்திரிகைகளைக் கிழித்துத்தான் நான் கேரட் விதைக்குக் காகிதப்பை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் வரிக்கு வரி எண் போட்டு ஏதோ அச்சடித்திருந்தது. மேலே தக்காளிப் படம். சாரிடம் காட்டினேன். படித்துப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அது ஒரு புரோகிராம், முழுக்க வெளிப்படையாக அச்சிட்டது. எந்த நாட்டிலோ ஒரு பள்ளி வாத்தியார் தன் வீட்டுத் தக்காளிச் செடிக்காக எழுதியிருக்கிறார். தக்காளிக்கும் உருளைக்கும் கருகல் ஒன்றுதான். அடியில் ஒரு குறிப்பு: எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றுங்கள், கேட்பவர்களுக்குக் கொடுங்கள், மாற்றியதை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள்.

"இதுக்கு அந்த ஆளு என்னதான் கேக்குறாரு?" என்றாள் பவுனம்மா.

"ஒண்ணும் கேக்கல. நமக்கு நல்லா வந்தா அடுத்தவங்களுக்குக் குடுக்கணுமாம்."

"வெதக்கெழங்கு குடுத்து வாங்குற மாதிரியா? அப்ப நம்ம ஆளுதான்" என்றாள்.

நடுப்பக்கத்தை மட்டும் காணோம். நான்தான் அதைப் பையாக ஒட்டி யாருக்கோ கொடுத்திருக்கிறேன்! வீடு வீடாகப் போய், "கேரட் வெதை வாங்குன காயிதத்தக் குடுங்க" என்று கேட்டேன். டைப்புப் பிள்ளைக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள். கடைசியில் அது எங்கள் வீட்டு அடுக்களையிலேயே, பவுனம்மா மிளகு போட்டுவைக்க எடுத்துவைத்த பொட்டலமாக இருந்தது.

சார் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். தட்டி முடித்ததும் சார் இன்னொரு வேலை வைத்தார். சங்கத்துக் கூடத்துச் சுவரில் கரும்பலகை மாதிரி கறுப்பு அடித்து, புரோகிராமின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தமிழில் எழுதினோம். ராத்திரி எத்தனை மணி நேரம் காற்று முழு ஈரமாக இருந்தது, குளிர் எவ்வளவு இறங்கியது, இப்படி அடுத்தடுத்து இரண்டு ராத்திரி வந்தால் மருந்து அடி. இவ்வளவுதான் சாரம். உருளை எடை போட வருகிறவர்கள் நின்று படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டார்கள். "பத்து டிகிரிக்குக் கீழ எறங்குனா கருகல் வராதுன்னு போட்டிருக்கு. தப்பு. எங்க காட்டுல இதவிடக் குளுருலயும் வந்திருக்கு" என்றார் ஒருவர். ஆமாம் என்றார்கள் இன்னும் நாலு பேர். சார் எட்டு என்று மாற்றி எழுதினார், நான் உள்ளேயும் மாற்றினேன். சீமைக் கேசட்டில் இது நடக்குமா?

ஈரத்தை அளக்க, மூடிப்போன ஒரு எஸ்டேட்டிலிருந்து சார் முன்னமே ஒரு கருவி வாங்கிப்போட்டிருந்தார். அதற்குள்ளே மனுஷ முடி நாலைந்து இழை இழுத்துக் கட்டியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். அதோடு சேர்ந்த முள், மெதுவாகச் சுற்றும் காகித உருளையில் மையால் கோடு இழுத்துக்கொண்டே போகும். காலையில் வந்ததும் எனக்கு முதல் வேலை அதுதான். வெளியே அதை வைத்திருந்த பலகைப் பெட்டியின் கதவைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், மூச்சுப் பட்டாலே முள் ஏறிவிடும். கோடு எத்தனை மணி நேரம் உச்சியில் நின்றது என்று பார்த்து, வெப்பமானியையும் பார்த்து, உள்ளே போய்க் கேசட்டை ஓடவிட்டுத் தட்ட வேண்டும். திரையில் ஆங்கில எழுத்துத்தான் வரும். அதனால் ஆங்கில எழுத்திலேயே 'மருந்து அடி' அல்லது 'சும்மா இரு' என்று வரும்படி செய்திருந்தோம்.

மறு வருஷம் ஐப்பசி வந்தது. பவுனம்மா மச்சிலிருந்த விதையெல்லாம் மண்ணுக்குள் போய், செடி நன்றாகக் கிளம்பியிருந்தது. அந்த வருஷம் துத்தம் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு தடவை அடிக்கிற அளவுதான் சங்கத்தால் கொடுக்க முடிந்தது. முன்னாலேயே அடித்துத் தீர்த்தால் அடைமழைக்கு ஒன்றும் இருக்காது, பிந்தினால் காடு போச்சு. சரியாக அந்த நேரம் பார்த்துக் கருவியில் முடி அறுந்தது.

புது முடி பம்பாயிலிருந்து வர வேண்டும். "முடிக்காய்யா பஞ்சம்?" என்று பவுனம்மா கொண்டையை அவிழ்த்து நாலு இழையைச் சுண்டி இழுத்துக் கொடுத்தாள். சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கட்டி, அப்போதைய ஈரத்துக்குச் சரியாக முள்ளை நிறுத்தினார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் காலையில் நான் தட்டினால் 'சும்மா இரு', 'சும்மா இரு'. வெளியே மூடுபனி வீட்டுக்குள் நுழைந்து பாய்வரைக்கும் ஈரம். ஒருநாள் காலை பவுனம்மா காட்டிலிருந்து நேராகச் சங்கத்துக்கு வந்தாள். காலெல்லாம் சேறு.

"சார், வெயில் ஏறுன பெறகும் எல சொட்டுது. நேத்தும் சொட்டுச்சு, முந்தாநாளும் சொட்டுச்சு. ஒங்க சொவத்துல எழுதுனபடி பாத்தா அடிக்கணும். ஒங்க பெட்டி சும்மா இருங்குது. எதத்தான் கேக்க? இந்தத் தடவ போச்சுன்னா நான் மூட்டையக் கட்டணும், தெரியும்ல?" குரல் உடைந்துவிட்டது. போன வருஷம் மாதிரியே ஆகிறதே என்று காலையில் தட்டிய எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

சார் பதற்றப்படவில்லை. அவருக்குப் பதற்றம் வந்தால் இன்னும் மெதுவாகிவிடுவார், அதுதான் நமக்கு எரிச்சல். "ஒக்காருங்கம்மா. தெறந்த பெட்டிதானே, பாத்துருவோம்" என்றார். மூன்று பேரும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் காலையில் தட்டிய எண்களைச் சொன்னேன். சுவரில் எழுதியபடி சார் சாக்பீஸால் கையாலேயே கணக்குப் போட்டார். ஒவ்வொரு வரிக்கும் பவுனம்மாவிடம், "சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரி. கையால் போட்டாலும் 'சும்மா இரு' என்றே வந்தது.

"அப்ப புரோகிராம்ல தப்பில்ல. நம்ம குடுத்த எண்ணுதான் தப்பு" என்றார் சார். பூட்டிய கேசட்டாக இருந்திருந்தால் அன்றைக்கு முழுக்க அதைச் சந்தேகப்பட்டே பொழுது போயிருக்கும்.

மூன்று பேரும் பலகைப் பெட்டிக்குப் போனோம். சார் கதவைத் திறந்து, முடிமேல் 'ஹா' என்று நன்றாக ஊதினார். துள்ளி ஏற வேண்டிய முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது. இன்னும் கிட்டே போய் முகர்ந்தார். திரும்பி பவுனம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, தலைக்கு எண்ணெ வைப்பீங்களா?"

"இதென்ன கேள்வி? எண்ணெ வைக்காம ஒரு பொம்பள இருப்பாளா? வெள்ளனே எந்திரிச்சதும் தேங்கெண்ணெ வைக்காட்டி எனக்கு அன்னைக்கு மண்டையிடிதான்" என்றாள்.

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எண்ணெய் ஊறின முடிக்குள் ஈரம் எப்படி இறங்கும்? பிறந்ததிலிருந்து எண்ணெய் குடித்த முடி! எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. எண்ணெய் இல்லாத தலையை நாங்கள் கண்டால்தானே! சாருக்கோ தலையில் ஒன்றுமே இல்லை.

வேறு முடிக்கு எங்கே போவது? ஊர் முழுக்க எண்ணெய்த் தலைதான். நான் ஓடிப்போய் மருந்தகத்துக் கம்பவுண்டரிடம் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கிவந்தேன். பவுனம்மா மறுபடி நாலு இழை பிடுங்க, அதைச் சீயக்காயில் அலசி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வெந்நீரில் அலசிக் கட்டினோம். சார் ஊதினார். முள் சர்ரென்று ஏறியது. பவுனம்மா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது, வலித்தது.

போன ராத்திரிகளுக்குக் கருவி இழுத்த கோட்டை நம்ப முடியாது. "இலை எதுவர சொட்டுச்சுன்னு நீங்க சொல்லுங்க" என்றார் சார். அவள் சொல்ல நான் தட்டினேன்.

'மருந்து அடி.'

வானத்தைப் பார்த்தோம். நல்லகாலம், மேகம் பிரிந்து வெயில் எட்டிப்பார்த்தது. "வெரசா வாங்க" என்று சார் முன்னால் நடந்தார். மருந்து கலப்பதில் மட்டும் அவரை அவசரப்படுத்தவே முடியாது. துத்தத்தை ஒரு மரத்தொட்டியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொன்றில் கரைத்து வடிகட்டி, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். இரும்புப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. கலந்தபிறகு தீட்டின அரிவாள் நுனியை முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். நுனியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை எரிந்துபோகும். முதல் தடவை படிந்தது. இன்னும் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி முக்கினார். பவுனம்மா வானத்தையும் அரிவாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை இரும்பு இரும்பாகவே இருந்தது. தெளிப்பானை அவள் தோளில் ஏற்றிக்கொண்டாள். நான் தண்ணீர் சுமந்தேன், சார் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சுமந்தார். செய்தி பரவி, சுவரை நம்பினவர்கள் சிலரும் அவரவர் காட்டில் இறங்கினார்கள். மருந்து காய்ந்து இலையெல்லாம் வெளிர்நீலமாக நின்ற பிறகுதான் மழை வந்தது.

அது மழையா! ரோடு இரண்டு இடத்தில் சரிந்து லாரி நின்றுபோனது. இடையில் வெளுத்த ஒரு நாளில் பெட்டி மறுபடி 'மருந்து அடி' என்றது. மிச்சமிருந்த மருந்தையும் பவுனம்மா அடித்துவிட்டாள். இனி கையில் ஒன்றுமில்லை. அப்புறம் தினமும் காலையில் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. எதிர்ச்சரிவில் ஒரு காடு கறுத்தது, அதற்குப் பக்கத்துக் காடும் கறுத்தது. அந்த வாடை வந்தபோது பவுனம்மா சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

அவள் காட்டில் ஓரத்து வரிசையில் நாலைந்து செடிதான் பொட்டு விழுந்தது. அதைப் பிடுங்கிப் புதைத்தாள். மற்றதெல்லாம் பச்சையாக நின்றது. மார்கழியில் வெட்டினோம். முதல் குத்தில் மண்ணைப் புரட்டியதும் வெளுவெளு என்று கிழங்கு உருண்டது. பவுனம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து 'ஓ' என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அடியே, கெழங்கு வராட்டியும் அழுவுற, வந்தாலும் அழுவுற" என்றேன். எனக்கும் கண்ணில் தண்ணீர்தான். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்குப் பிற்பாடு நடந்த என் கல்யாணத்திலும் இல்லை, உண்மையைச் சொல்வதற்கென்ன.

வாத்தியார் கேட்டபடி மாற்றியதை ஒளிக்கக் கூடாதல்லவா? பத்து எட்டானதையும் மற்றதையும் சார் அந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். புரோகிராமுக்குள்ளேயும், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் மனிதர்கள் மட்டும் படிக்கிற மாதிரி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஆங்கில எழுத்தில் தமிழாக நான் தட்டினேன்: முடியில் எண்ணெய் கூடாது. பவுனம்மா, வில்பட்டி. "எம் பேரு எதுக்கு சார்? மானம் போகுது" என்றாள் அவள். "முடி குடுத்தது நீங்கதானே?" என்றார் சார்.

கேட்டவர்களுக்கெல்லாம் கேசட்டில் பதிந்து கொடுத்தோம். கொடைக்கானலில் பாட்டுப் பதிகிற கடையில்தான் நகல் எடுக்க வேண்டும். கடைக்காரர் முதல் தடவை கொடுத்த கேசட்டை ஓடவிட்டால், கீய்ய்ங் முடிந்ததும் டூயட் பாட்டு ஓடுகிறது. "அரை மணி நேரம் டேப்பு சும்மா கெடக்குதேக்கா, மனசு கேக்கல" என்றார். எங்கள் மலையில் எல்லாரும் அப்படித்தான். பழனிப்பக்கம் ஒரு பண்ணைக்கும் ஒரு காலேஜுக்கும் பாட்டோடுதான் அந்தப் புரோகிராம் போனது. தொண்ணூறுகளில் புது மாதிரிக் கம்ப்யூட்டர் வந்தது, எங்கள் டிவிப்பெட்டி ஓய்வு பெற்றது, சாரும் ஓய்வு பெற்றார், பிறகு போய்ச் சேர்ந்தார். ஸ்க்ரூ டிரைவரை எனக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனார். தையல் மிஷினுக்கு இன்னும் அதுதான்.

இதையெல்லாம் எழுதிப் பாதியில் வைத்திருந்தபோது வித்யா மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை குரலில் துள்ளல்.

"அக்கா, வேற ஒண்ணு கெடச்சிருச்சு! கீழ காலேஜுப் பையனுங்க சும்மாவே குடுத்தாங்க. தெறந்து பாக்கலாம், நம்ம ஊருக்கு மாத்திக்கலாம்னு சொன்னாங்க. எட்டு டிகிரின்னு நமக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. ஆனா உள்ள ஒரு வரி கெடக்குக்கா, யாருக்குமே என்னான்னு தெரியல. அவனுங்களுக்கு முன்னாடி எழுதுனவங்க வச்சிருந்தாங்களாம், அவங்களுக்கும் முன்னாடி யாரோ வச்சிருந்தாங்களாம். எடுத்தா எதுவும் கெட்டுப்போயிருமோன்னு ஆரும் எடுக்கலையாம். நம்ம ஊரு பேரு வேற போட்டிருக்கு. படிக்கட்டுமா?"

"நீ படிக்க வேணாம்டி, நான் சொல்றேன்" என்றேன். சொன்னேன். "எழுத்துக்கு எழுத்து அதேதான்க்கா!" என்று கத்தினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வில்பட்டிக்குப் போய், வித்யாவையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். பவுனம்மா காட்டில்தான் இருந்தாள். அதே காடு, அய்யம்பாளையத்துக்கு விருந்தாளியாகப் போனதோடு சரி. முடியெல்லாம் நரைத்து, அந்தப் பெரிய கொண்டை எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. வித்யாவின் போனில் அந்த வரியைக் காட்டி வாசித்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தன வருசமா எத்தன பேரு கைமாறியிருக்கும்?" என்றாள்.

"ஆருக்குத் தெரியும்? எடுத்துறச் சொல்லவா? அப்ப மானம் போகுதுன்னியே."

"கெடந்துட்டுப் போகட்டும்" என்றாள் பவுனம்மா. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னைக்கும் எண்ணெ வச்சுத்தாண்டி வந்திருக்கேன்."